தறிக்கூடத்துப் பேச்சு

கணவனின் இடத்தைப் பிடிக்க வந்தவனுக்கு டோவி முதல் வேளையிலேயே ஒரு சோளரொட்டி அதிகமாக வைத்தாள். ஆசையால் அல்ல. மில்லுக்காக பேஸ்பால் ஆட வந்தவன் கையில் வேகம் இல்லையென்றால் அவனுக்குச் சோறு போட்ட வீட்டைத்தான் பிராண்டல் மில் குடியிருப்பில் குறை சொல்வார்கள். திங்கட்கிழமை தறிக்கூடத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் கேட்பார்கள்: "என்னடி போட்டே அவனுக்கு? மோருல தண்ணியக் கலந்து ஊத்தினியா?" அந்தப் பேச்சை வாங்க டோவி தயாராக இல்லை.

வந்தவன் பெயர் வெர்லின். இருபதைத் தாண்டியிருப்பான். கழுத்து நீண்டு, முழங்கை எலும்பு துருத்தி, வெயிலில் சிவந்து போயிருந்தான். மேனேஜர் விட்லாக் தன் சொந்தக் குதிரைவண்டியிலேயே கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டார்.

"உன் வீட்டுலதாம்மா ஒரு அறை காலியா இருக்கு, டோவி. நல்ல பையன். அதிகம் பேசமாட்டான்."

"பேசலேன்னா என்னங்க ஐயா, தின்னாச் சரி."

விட்லாக் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் தூணில் சாய்ந்து நின்ற அவள் கணவன் ஆர்லியின் பக்கம் அவர் பார்வை போகவில்லை. ஆர்லி வலது கையைக் கால்சட்டைப் பட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றான். பார்க்கிறவர்களுக்குச் சும்மா ஒய்யாரமாக நிற்பதுபோல் இருக்கும். அந்தக் கை தொங்கினால் வலிக்கும் என்பது டோவிக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டியில் ஏறிய பிறகுதான் விட்லாக் அவனிடம் பேசினார். "ஆர்லி, சனிக்கிழமை ரயில் பட்டறைக்காரங்களோட ஆட்டம். இவன்தான் எறியறான். எப்படின்னு பாத்துட்டு, யார்டு வேலைய யாருக்குன்னு முடிவு பண்ணலாம். யார்டுக்கு ஒருத்தன்தான் வேணும். உனக்கே தெரியும்."

"தெரியுங்க ஐயா."

தெரிந்ததுதான். மில் குடியிருப்பு இருந்த அந்தக் குன்றில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த ஏற்பாடு அது. மில்லுக்காகப் பந்தாடுகிறவனுக்கு யார்டில், மில்லின் வெளிமுற்றத்தில், வேலை. வேலிக்கு வெள்ளையடிப்பது, பஞ்சு மூட்டை இறக்க ஆள் காட்டுவது, மேனேஜரின் கோவேறு கழுதைக்குத் தீனி வைப்பது. ஆட்டத்துக்கு முதல் நாள் அதுவும் இல்லை. உள்ளே இருக்கிறவர்கள் அவர்களை 'வெயில்காரர்கள்' என்று கேலி செய்வார்கள். கேலியில் பாதி பொறாமை.

ஆர்லிக்கு அந்த வெயில் கேலிப்பொருள் அல்ல. கல்யாணமான புதிதில் அவன் கார்டிங் கூடத்தில் இருந்தான். பஞ்சைக் கோதும் எந்திரங்களிலிருந்து தூசி பனிமூட்டம்போல் எழும். முடியிலும் புருவத்திலும் வெள்ளை படிந்து, சின்ன வயதிலேயே கிழவன்போல வீட்டுக்கு வருவான். பிறகு இருமல் வந்தது. திங்கட்கிழமைகளில் ரொம்ப மோசம். ஒருநாள் ஓய்ந்த நெஞ்சு மறுபடி தூசியைக் கண்டதும் அடைத்துக்கொள்ளும். படுக்கையில் உட்கார்ந்தபடியே அவன் மூச்சை இழுப்பதை டோவி கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். அப்போதுதான் விட்லாக் ஒரு சனிக்கிழமை அவன் பந்து எறிவதைப் பார்த்தார். அடுத்த வாரமே யார்டுக்கு மாற்றினார். அந்தக் கோடை முடிவதற்குள் இருமல் விட்டது. குன்றில் மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பந்து பேரைக் கொடுத்தது. ஆர்லிக்கு மூச்சைக் கொடுத்தது.

இப்போது தோள் போய்விட்டது. போன ஆகஸ்டில் ஒரு பந்தை விட்டெறிந்தபோது உள்ளே ஏதோ அறுந்ததுபோல் இருந்ததாம். டர்பன்டைன் தேய்த்தார்கள், சூடான உப்பு மூட்டை வைத்தார்கள், கம்பளி சுற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. காலையில் அவன் தலையைக்கூட டோவிதான் சீவிவிட வேண்டியிருந்தது.

அதனால் வெர்லின் தட்டில் ரொட்டியை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு கொதித்தது. அவனோ குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். பீன்ஸ், வறுத்த பன்றிக்கொழுப்பு, வெண்டைக்காய் எதை வைத்தாலும் அவளை நிமிர்ந்து பார்த்து, "நன்றிங்க, மிஸ் டோவி" என்பான். நிமிரும்போது கண்ணைப் பார்க்கமாட்டான். வாயைப் பார்ப்பான்.

"திமிரு பிடிச்சவன்," என்றாள் டோவி, கொல்லைப்புறத்தில் ஆர்லியிடம். "நம்ம ஐவி பின்னாலேருந்து மாமா மாமான்னு கத்தறா. திரும்பிக்கூடப் பாக்கல. சின்னப்புள்ள கூப்பிட்டா ஒரு ஏன்னு கேட்டா என்ன கொறஞ்சு போயிடும்?"

"விடு. புது எடம், கூச்சமா இருக்கும்."

"கூச்சமா? நாலு ரொட்டி உள்ள போறப்ப அந்தக் கூச்சம் எங்க போச்சு?"

"நீதானே வச்சே?"

"நான் வச்சா? வேணாம்னு சொல்ல வாய் இல்லையா அவனுக்கு?"

ஆர்லி சிரித்தான். தோளைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். "டோவி, அவன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. அவன் எறியறதப் பாத்தேன். இடதுகைக்காரன். பந்து வந்து நடுவுல ஒரு தரம் யோசிக்குது, அப்புறம் வேற பக்கம் போகுது. என் நல்ல காலத்துலகூட என்னால அப்படி முடியாது."

"நீ அவன் பக்கமா, என் பக்கமா?"

"நான் பந்து பக்கம்."

அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, கொடியிலிருந்த துணிகளை வெடுக்கென்று உருவினாள். திங்கட்கிழமை கார்டிங் கூடத்து வாசலில் இவனை அனுப்பிவிட்டு நிற்கும் தன்னை அவள் ஏற்கனவே பார்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலைச் சாப்பாட்டில் விஷயம் வெளியே வந்தது. ஆர்லி கழுதையை லாடம் அடிக்க ஓட்டிப்போனவன் இன்னும் திரும்பவில்லை. வெர்லின் மேசையில் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெல்லப்பாகில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். டோவி இரும்பு வாணலியைத் தூக்கினாள். பிடி வழுக்கியது. வாணலி மூடியோடு தரையில் விழுந்து, மூடி தனியாகக் கிளம்பிச் சுழன்று சுழன்று அடங்கிற்று. ஐவி "அம்மா!" என்று அலறி நாற்காலியிலிருந்து குதித்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வெர்லின் திரும்பவில்லை. ரொட்டியின் கடைசித் துண்டால் தட்டைத் துடைத்தான். பிறகு தரைப்பலகையின் அதிர்வு காலுக்கு எட்டியதோ என்னவோ, நிதானமாகக் கீழே பார்த்தான்.

டோவி வாணலியை எடுக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே, "பீச் பழப் பணியாரம் இருக்கு, வேணுமா?" என்றாள். பதில் இல்லை. சுற்றி வந்து எதிரே நின்றாள். இந்தத் தடவை குரலை முழுக்க அடக்கி, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். மூச்சுக்கூட வெளியே வரவில்லை.

"வேணுங்க, மிஸ் டோவி," என்றான் அவன், பளிச்சென்று.

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். ஐவியின் முகத்தைப் பார்த்தான். திரும்பித் தரையில் கிடந்த வாணலியைப் பார்த்தான். கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தான்.

"எத்தன நாளா?" என்றாள் டோவி.

"பதினாறு வயசுல. காய்ச்சல். எழுந்தப்போ ரெண்டு காதும் இல்ல."

"விட்லாக் ஐயாவுக்குத் தெரியுமா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "தெரிஞ்சா கூட்டிட்டு வருவாரா? இதுக்கு முன்னால ஒரு மில்லுல இருந்தேங்க. உசரமா ஒரு பந்து கெளம்பிச்சு. எனக்கு எனக்குன்னு எங்க ஆளு, மூணாவது மூலையக் காக்கறவன், கத்திருக்கான். நான் பந்தையே பாத்துட்டு ஓடினேன். ரெண்டு பேரும் மோதி, அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. அன்னிக்கு சாயங்காலமே என் மூட்டையத் தூக்கி வெளிய வச்சாங்க. அவங்க மேல தப்பில்ல."

டோவி உட்கார்ந்தாள். ஒரே வீட்டில் இத்தனை நாளாய்ச் சோறு போட்டும் எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவனே சொன்னான், லேசாகச் சிரித்தபடி.

"மத்த ஊர்ல ஒரே நாள்ல கண்டுபிடிச்சுருவாங்க. இங்கதான் யாருக்கும் தெரியல. இங்க எல்லாருமே வாயைப் பாத்துத்தான் பேசறீங்க. வாயை நல்லாத் தெறந்து பேசறீங்க. கூப்பிடணும்னா தோளத் தொடறீங்க. காது கேக்கற ஊருக்கு வந்த மாதிரியே இல்லீங்க எனக்கு. சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு."

உண்மைதான். தறிகள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவள் அலறினாலும் கேட்காது. தரையே குதிக்கும். அங்கே எல்லாப் பேச்சும் உதட்டில்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கதை பேசுவார்கள், சண்டை போடுவார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது என்று பரப்புவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் கடைக்கும் கூடவே வந்துவிடும். டோவியும் ஆர்லியும் பழகியதே அப்படித்தான். அப்போது அவன் ஊடை நூல் சுற்றிய தார்க்குழல்கள் நிரம்பிய வண்டியைத் தள்ளிக்கொண்டு தறிக்கூடத்துக்கு வருவான். முதல் நாள் வாசலிலிருந்தே உதட்டால் சொன்னான்: "உன் நூல் அறுந்திருக்கு." அவள் பதறிக் குனிந்து பாவு முழுக்கத் தேடினாள். ஒரு நூலும் அறுந்திருக்கவில்லை. நிமிர்ந்தால் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கல்யாணம் நிச்சயமாகும் வரை அவன் குரல் தடித்த குரலா கீச்சுக் குரலா என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

இந்தக் குன்றில் ஒருவன் வாயையே பார்க்கிறான் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

"சொல்றதுன்னா சொல்லிருங்க, மிஸ் டோவி," என்றான் வெர்லின். "உங்க வீட்டுக்காரர் வேலை எனக்காகப் போகப்போகுதுன்னு தெரியும். முதல் நாளே தெரிஞ்சுது. ரொட்டிய நீங்க தட்டுல வைக்கல, அடிச்சீங்க."

டோவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் வந்தது. "பணியாரத்தத் தின்னு," என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுதும் தறி முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எதிர்த்தறி மேட்டி லூ மூக்குப்பொடி தோய்த்து மெல்லும் குச்சியை வாயோரம் தள்ளிவிட்டு உதட்டால் கேட்டாள்: "என்னடி, உன் வீட்டு விருந்தாளி எப்படி? ராத்திரி பந்தைக் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்கறானா?" டோவி தலையை மட்டும் அசைத்தாள். வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். தறிக்கூடத்தில் ரகசியம் சொல்ல முடியாது. காதுக்குள் ஓத முடியாத இடத்தில் ஒருத்திக்குச் சொல்வது கூடத்துக்கே சொல்வதுதான். ஒரு வாக்கியம் போதும். மதியச் சங்குக்குள் விட்லாக்கின் அறைக்குப் போய்விடும். ஆர்லிக்கு யார்டு நிலைக்கும். திங்கட்கிழமை இருமல் இருக்காது.

வாயருகே வந்த வாக்கியத்தை அவள் நாலைந்து தடவை விழுங்கினாள். சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது என்று அவன் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமை மதியச் சங்கோடு மில் நின்றது. டோவி ஓடிவந்து ஆர்லிக்கு ஆட்டச் சட்டையை மாட்டிவிட்டாள். எறியப் போவதில்லை என்றாலும் பலகையில் உட்கார அது வேண்டும். பொத்தானைப் போட்டுக்கொண்டே, குனிந்தபடி சொன்னாள்.

"ஆர்லி. வெர்லினுக்குக் காது கேக்காது."

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். "தெரியுமா? எப்பலேருந்து?"

"செவ்வாக்கிழமையே. பந்து வேலிக்கு அந்தாண்ட போச்சு, பின்னாலேருந்து கத்தினேன். கழுதை திரும்பிப் பாத்துது, அவன் பாக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ போய் விட்லாக்கிட்ட சொல்லிருவேன்னு பயந்தேன்."

"நீ ஏன் சொல்லல? சொல்லிருந்தா உன் வேலை நிக்குமே!"

ஆர்லி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். அது மார்பு உயரத்தோடு நின்றுவிட்டது. "நிக்கும். அப்புறம் அடுத்த சனிக்கிழமை எதை வச்சு எறியறது? அவனத் தொரத்தினா இந்தக் கை வந்துருமா? இன்னொருத்தனக் கூட்டிட்டு வருவாங்க, டோவி. அவனுக்கும் நீ ரொட்டி அடிப்பே."

அவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள். "திங்கக்கெழம நீ கார்டிங்குக்குப் போனா..."

"தெரியும்," என்றான் அவன்.

மைதானத்தில் குன்றே கூடியிருந்தது. பெண்கள் உட்காரும் பலகைகள் மட்டைக்காரன் நிற்கும் இடத்துக்குப் பின்னால் கம்பிவலைக்கு இந்தப் பக்கம். ரயில் பட்டறைக்காரர்கள் தனி ரயில்பெட்டியில் வந்து, கரிப்புகைக் குரலில் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். எந்திரத்தோடு போட்டி போட்டுக் கத்தியே பழகியவர்கள். எதையும் கத்தித்தான் சொல்வார்கள்.

வெர்லின் எறிந்தான். ஆர்லி சொன்னது உண்மை. பந்து நடுவில் ஒரு கணம் யோசித்தது. பட்டறைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள். விட்லாக் தொப்பியைத் தொடையில் தட்டினார். இவன் நன்றாக எறியட்டும் என்றும், எறியாமல் இருக்கட்டும் என்றும் டோவிக்கு ஒரே மூச்சில் தோன்றியது.

நாலாம் சுற்றில் இரண்டு பேர் அடித்து ஓடி, ஒருவன் இரண்டாம் மூலையிலும் ஒருவன் மூன்றாம் மூலையிலும் நின்றார்கள். மூன்று மூலைகளையும் தொட்டு, மட்டை பிடித்த இடமான 'வீடு' திரும்பினால் ஒரு ஓட்டம். வெர்லின் பந்தை நெஞ்சோடு வைத்து ஒரு கணம் நிதானித்தான். இடதுகைக்காரன் அப்படி நிற்கும்போது முகம் முதல் மூலையைப் பார்க்கும். முதுகு மூன்றாம் மூலைக்கு. அவன் முதுகுக்குப் பின்னால் மூன்றாம் மூலையில் நின்றவன் திடீரென்று ஓட ஆரம்பித்தான். பந்தைப் பிடிப்பதற்காகக் குந்தியிருந்த கேப்டன் ரூபஸ் இரும்பு முகமூடிக்குள்ளிருந்து அலறினான். பலகையில் இருந்தவர்கள் எழுந்து அலறினார்கள். வெர்லின் அமைதியாக, தேவாலயத்தில் நிற்பவன்போல, நின்றான். அவன் கையை ஓங்கியபோது ஓடியவன் வீடு சேர்ந்து காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"தூங்கிட்டானா?" என்றாள் மேட்டி லூ.

அதற்குள் மூன்றாம் மூலைக்கு வந்துவிட்ட இரண்டாமவனும் அதையே செய்தான். மறுபடி ஒரு ஓட்டம். இந்தத் தடவை பட்டறைக்காரர்களின் பயிற்சியாளன் கையைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினான். "ஏய், இவன் செவிடுடா! முதுகுக்குப் பின்னால கல்யாணமே பண்ணலாம்டா!" அவர்கள் பலகை முழுக்கச் சிரிப்பு. விட்லாக் எழுந்து நின்றுவிட்டார்.

இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்துவிட்டது. வெர்லினுக்கும் தெரிந்துவிட்டது. பட்டறைக்காரன் வாயை அவன் படித்திருந்தான். பந்து எறியும் மேட்டில் நின்றபடி மூட்டையைத் தேடுகிறவன்போல நாலாபுறமும் பார்த்தான். அவன் கண் கம்பிவலைக்குப் பின்னால் வந்து டோவியின் மேல் நின்றது.

"நான் சொல்லல," என்றாள் டோவி, உதட்டால்.

"தெரியும்," என்றது அவன் உதடு.

அந்தக் கணம்தான் அவளுக்கு அது தோன்றியது. முகமூடிக்குள் இருக்கும் ரூபஸின் வாய் அவனுக்குத் தெரியாது. அவன் நின்று நிதானிக்கும்போது பார்ப்பது ஒரே ஒருவனைத்தான். முதல் மூலையைக் காக்கும் மில் ஆட்டக்காரனை. இப்போது அங்கே நிற்பவன் புதிதாக வந்த கணக்குப்பிள்ளை. தறிக்கூடத்துக்குள் காலே வைக்காதவன்.

ஆர்லி ஆட்டக்காரர்கள் பலகையில் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தான். டோவி பலகை மேல் ஏறி நின்று தலைத்துணியை ஆட்டினாள். அவன் பார்த்தான்.

"முதல் மூலைக்குப் போ!" என்றாள், சத்தமில்லாமல். "அவன் மூஞ்சிக்கு நேரா நில்லு! பேசு!"

இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதையும் ஆர்லி இரண்டு தடவை கேட்டதில்லை. எழுந்து விட்லாக்கிடம் போனான். இருவர் வாயும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"உன் தோளு?"

"முதல் மூலைக்குத் தோள் எதுக்குங்க ஐயா? வர்றதப் புடிச்சாப் போதும். இடது கைல உறை போட்டுக்கறேன்."

"அவன் செவிடன், ஆர்லி. ஆட்டம் போச்சு."

"எங்க தறிக்கூடத்துல எல்லாரும் செவிடுங்க ஐயா. துணி வரலியா?"

விட்லாக் கணக்குப்பிள்ளையைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பட்டறைக்காரர்கள் பல வருஷம் சூனியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். மூன்றாம் மூலையில் ஒருவன் காலைத் தூக்கினான். ஒரு சத்தம் இல்லை. வெர்லின் சட்டென்று சுழன்று பந்தை வீசினான். ஓடியவன் நடுவழியில் மாட்டி, பந்து கைமாறக் கைமாற அங்குமிங்கும் தவித்து அவுட் ஆனான். இன்னொருவன் இரண்டாம் மூலையிலிருந்து பதுங்கினான். அவனும் போனான். முதல் மூலையில் ஆர்லி கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்று, வாயை அகல அகலத் திறந்து, தறிக்கூடத்தில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே இருந்தான்.

"என்னடி சொல்றான் உன் புருஷன்?" என்றாள் மேட்டி லூ.

"'ரெண்டாவது மூலைல நிக்கறவன் காலைத் தேய்க்கறான், இப்ப ஓடுவான், இரு, இரு, இப்போ'ன்னு சொல்றான்."

"நடுவுல ஏதோ சாப்பாடுங்கறானே?"

"'இதுல ஜெயிச்சா டோவி ரொட்டிய மெதுவா வைப்பா'ங்கறான். படுபாவி."

பலகை முழுக்கச் சிரித்தது. தறிக்காரிகள் ஒவ்வொருத்தியாக எழுந்து வெர்லினுக்கு உதட்டால் யோசனை சொல்ல ஆரம்பிக்கவே, டோவி அவர்களை இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. "ஒருத்தர் பேசட்டும்டி! பையன் கண்ணு ரெண்டுதான்!"

மில் ஓட்டங்கள் ஒன்றொன்றாய்ச் சேர்ந்தன. கடைசிச் சுற்று வந்தபோது ஒரே ஓட்டம் மில் பக்கம் கூடுதல். பட்டறைப் பக்கம் இரண்டு பேர் அவுட்; மூன்றாமவனும் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் மூலையில் ஒருவன் தயாராக நின்றான். பட்டறைக்காரன் அடித்த பந்து நேர் மேலே, வெயிலுக்குள், மேட்டுக்கும் ரூபஸுக்கும் நடுவில் கிளம்பிற்று. முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, "எனக்கு! எனக்கு!" என்று ரூபஸ் முன்னால் ஓடிவந்தான். அவன் மலை மாதிரி ஆள். வெர்லினும் அண்ணாந்தபடி ஓட ஆரம்பித்தான்.

டோவி கண்ணை மூடிக்கொண்டாள். எலும்பு முறியும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். வெர்லின் பாதியில் நின்றுவிட்டிருந்தான். மேலே போன பந்தை விட்டுவிட்டு, ஒரு எறிகாரன் செய்யவே கூடாத காரியமாக, தலையைத் திருப்பி முதல் மூலையைப் பார்த்தான். ஆர்லியின் உதடு ஒரே ஒரு சொல் சொன்னது.

"விடு."

வெர்லின் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ரூபஸ் அவன் தலைக்கு மேலே பந்தைப் பிடித்தான்.

குன்று மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. தொப்பிகள் பறந்தன. அந்த நெரிசலில் டோவி விட்லாக் எங்கே என்று தேடினாள். இன்னும் எதுவும் முடியவில்லை. யார்டுக்கு ஒருத்தன்தான். ஆட்டம் ஜெயித்ததால் அந்தக் கணக்கு மாறிவிடாது.

விட்லாக் வெர்லினின் எதிரே போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"கத்தாதீங்க ஐயா," என்றாள் மேட்டி லூ. "கத்தினா வாய் கோணுது, அவனுக்குப் புரியாது. மெதுவாச் சொல்லுங்க."

விட்லாக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மெதுவாகச் சொன்னார். "நீ இருக்கலாம். ஆனா ஆர்லி இல்லாம நீ எனக்கு உதவமாட்டே, நீ இல்லாம ஆர்லி எனக்கு உதவமாட்டான். யார்டுல ஒரு வேலைதான் இருக்கு. ரெண்டு பேருக்கு நான் என்ன பண்றது?"

டோவி ஆர்லியின் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு யார்டு வேணாங்க," என்றான் வெர்லின்.

"என்னது?"

"தறிக்கூடத்துல ஒரு வேலை குடுங்க. தார் வண்டி தள்றதா இருந்தாலும் சரி. யார்டுல நான் தனியா வேலிக்கு வெள்ளையடிச்சுட்டு நிப்பேன். பின்னாலேருந்து யார் கூப்பிட்டாலும் தெரியாது. தறிக்கூடத்துல..." அவன் சொற்களைத் தேடினான். "அங்க எல்லாரும் பேசறாங்களே ஐயா."

விட்லாக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இத்தன வருஷத்துல வெயிலு வேணாம்னு சொன்ன மொத ஆட்டக்காரன் நீதான்டா. அந்தச் சத்தத்துல மனுசன் இருக்க முடியுமா?"

"எந்தச் சத்தங்க?" என்றான் வெர்லின்.

முதலில் சிரித்தது ரூபஸ். பிறகு எல்லோரும். விட்லாக் ஆர்லியின் பக்கம் திரும்பி, "திங்கட்கிழம கழுதைக்குத் தண்ணி காட்ட மறந்துடாத. வேலி தெற்குப் பக்கம் உரிஞ்சு கெடக்கு. இடது கையால அடி," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டு நடந்தார்.

டோவி பிடித்திருந்த சட்டையை விட்டாள். கை மரத்துப் போயிருந்தது. யாரோ வெர்லினைத் தோளில் தூக்கினார்கள், யாரோ ஆர்லியை இழுத்துக்கொண்டு போனார்கள், மேட்டி லூ அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மூக்குப்பொடி பூசினாள். பீப்பாய் எலுமிச்சைச் சாறைச் சுற்றிக் கூட்டம் முண்டியது. ஐவி வெர்லினின் எதிரே போய் நின்று, அம்மாவைப் போலவே வாயை அகலத் திறந்து, "மாமா, வீட்டுக்கு வா" என்று சொல்வதை அவள் பார்த்தாள்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆர்லி அவளைத் தேடினான். கண்டுபிடித்தான். நடுவில் அத்தனை தலைகள், அத்தனை இரைச்சல். அவன் உதடு மெதுவாக அசைந்தது.

"உன் நூல் அறுந்திருக்கு."

பொய் என்று தெரியும். தெரிந்தும் அவள் குனிந்து பாவாடை ஓரத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது ஆர்லி தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நெஞ்சு நிறைய, நீளமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு முடியும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இருமல் வரவில்லை.